மூன்றாவது மாரி

இந்த ஆண்டு விழாவில் நாட்டிய நாடகம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். முதலில் என் அனுதாபங்கள். ஆண்டு விழா முடியும்வரை நீங்கள் ஆசிரியரும் இல்லை, மனுஷியும் இல்லை. சலங்கை அறுந்தாலும் உங்களிடம்தான் வருவார்கள், கதாநாயகிக்கு அம்மை போட்டாலும் உங்களிடம்தான் வருவார்கள். எனக்கு ஒருமுறை அப்படி அம்மை போட்டது. எனக்கில்லை, கதாநாயகிக்கு. ஆனால் படுத்தது நான்தான்.

ஒத்திகையை எப்படிப் பிரித்துக்கொள்வது, ஒப்பனைக்கு யாரைப் பிடிப்பது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் போகப் போகப் பழகிவிடும். பவுடர் தீர்ந்தால் யாராவது கடைக்கு ஓடுவார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. திரைக்கயிறு உங்கள் கையில் இருக்கிறது. முன்வரிசையில் முக்கியமான ஒருவர் "இழு, இழு" என்று சைகை காட்டுகிறார். மேடையில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள். அப்போது என்ன செய்வீர்கள்? இந்த வேலையில் நான் யோசித்த யோசனையெல்லாம் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்.

நாடு சுதந்திரம் அடைந்த வருடம். மலாக்கா முழுக்க மெர்டேக்கா, மெர்டேக்கா என்று சுதந்திரப் பேச்சுதான். கடைக்கடையாகக் கொடி, பள்ளிக்குப் பள்ளி ஊர்வலம். காஜா பேராங் பக்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தேன். எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வாரத்தில் சில மணி நேரம் தாய்மொழி வகுப்பு, அதற்கு நான். எங்கள் தலைமையாசிரியை வெள்ளைக்காரர். பள்ளியின் சுதந்திர விழாவில் ஒவ்வோர் இனத்துப் பிள்ளைகளும் ஒரு நிகழ்ச்சி தர வேண்டும் என்றார். மலாய்ப் பிள்ளைகள் விளக்கு நடனம் என்றார்கள். சீனப் பிள்ளைகள் விசிறி என்றார்கள். தமிழுக்கு என்ன என்று என்னைப் பார்த்தார். நான் யோசிக்காமல் "குறவஞ்சி" என்று சொல்லிவிட்டேன். வாய் கொழுப்பு, வேறென்ன.

குறவஞ்சி என்றால் உங்களுக்குத் தெரியும். ஊர்வலம் வரும் தலைவனைப் பார்த்து ஒரு பெண் மனசைப் பறிகொடுத்து வாடுகிறாள். மலையிலிருந்து குறத்தி வருகிறாள். தன் மலையின் பெருமையைப் பாடுகிறாள், பெண்ணின் கையைப் பார்த்து நல்ல குறி சொல்கிறாள். எல்லாரும் காத்திருப்பது அந்தக் குறத்திக்குத்தான். கதையின் சட்டகம் பழையது. பாட்டுகளை நானே எழுதினேன். குறத்தி மலையைப் பாடும் பாட்டு இப்படித் தொடங்கும்: "மாரி வந்து கொஞ்சும் குன்று எங்கள் குன்று." மாரி என்றால் மழை. இலக்கியத் தமிழில் எழுதிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

நடனம் சொல்லிக்கொடுக்க ஒரு அம்மாள் கிடைத்தார். தஞ்சாவூர்க்காரர். கணவருக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. பேச்சு குறைவு, கண் அதிகம். இந்தியப் பிள்ளைகள் என்று பள்ளிப் பதிவில் இருந்த அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து ஓர் அடவைத் தட்டிக் காட்டினார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்.

"குறத்தி இவதான்மா. மத்ததெல்லாம் பொம்மை."

அந்தப் பெண் மங்களம். வீட்டில் மங்கா என்பார்கள். மலாயில் அது மாம்பழம்; வகுப்பில் கேலிக்குக் கேட்கவா வேண்டும். ஆனால் அவளைக் குறத்தியாக்குவதில் ஒரு சின்னச் சங்கடம். மங்களத்துக்குத் தமிழில் ஒரு வாக்கியம் வராது.

அவள் கம்போங் செட்டிப் பெண்; மலாக்காச் செட்டிகள் வாழும் குடியிருப்பு அது. வெளியூர்க்காரர்கள் குழம்பிக்கொள்வார்கள். செட்டிநாட்டிலிருந்து வந்த செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து கலந்துவிட்டவர்கள். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், நெற்றியில் திருநீறு. உடுப்பு இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை; பேச்சு மலாய். அதனால் மங்களம் என் தாய்மொழி வகுப்புக்கு வந்ததே இல்லை. நாட்டிய நாடகத்தில் பாடுகிறவர்கள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து பாடுவார்கள், ஆடுகிறவள் வாயும் கையும் அசைத்தால் போதும் என்பதால் நானும் சரி என்றேன். கதையை மலாயில் அவளுக்குச் சொன்னேன். "மலை" என்றால் "புக்கிட்" என்றும் சொல்லி வைத்தேன். பாட்டை அவள் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டாள்.

ஒத்திகை நன்றாகத்தான் போனது, அந்த முதல் வரியைத் தவிர. "மாரி" என்று பாடும்போது இரண்டு கையையும் உயர்த்தி, விரல்கள் படபடக்க மெல்ல இறக்க வேண்டும். அதுதான் மழை. பொருளைச் சொன்னால் கை தானே வர வேண்டும் என்பது நடன அம்மாளின் கொள்கை; அபிநயத்தை மட்டும் அவர் செய்து காட்ட மாட்டார். மங்களம் என்ன செய்வாள் என்றால், ஒரு கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, நாலு விரலையும் தன் பக்கம் மடக்குவாள். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"மழை, மா! மழை!" என்பார் நடன அம்மாள்.

மங்களம் தலையாட்டுவாள். அடுத்த முறையும் அதே கை.

"மழைன்னு சொல்றேனே, காதுல விழலையா?"

மறுபடியும் தலையாட்டல், மறுபடியும் அதே கை, அதே சிரிப்பு. பிடிவாதக்காரி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கோபமும் வந்தது. இந்தப் பெண்ணை எடுத்ததே தப்போ என்று ஒரு சாயங்காலம் நினைத்துக்கொண்டேதான் அவள் வீட்டுக்குப் போனேன். விழா அன்று அவளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது.

கம்போங் செட்டியில் கோயிலைத் தாண்டி இரண்டாவது வீடு. நான் வாசலில் தயங்கி நின்றேன். உள்ளிருந்து மங்களத்தின் அம்மா பார்த்துவிட்டார். கெபாயாவின் முனையைச் சரிசெய்துகொண்டே கையை நீட்டினார். உள்ளங்கை தரையைப் பார்த்தது. நாலு விரலும் மடங்கின. முகம் நிறையச் சிரிப்பு.

"மாரி, சிக்கு, மாரி!"

வாங்க டீச்சர், வாங்க. மலாயில் "மாரி" என்றால் வா.

நான் செருப்பைக் கழற்றாமலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த அம்மாள் பயந்துபோயிருப்பார். எனக்கோ எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. குறத்தி "மாரி" என்கிறாள்; அதாவது கூப்பிடுகிறாள். நடன அம்மாள் "மழை" என்று கத்துவது மங்களத்தின் காதில் "மலை" என்று விழுகிறது. மலை என்றால் புக்கிட் என்று நானே சொல்லிக்கொடுத்தேனே! மலைக்குக் கூப்பிடு, மலைக்குக் கூப்பிடு என்று டீச்சரம்மா சொல்லச் சொல்ல, பிள்ளை இன்னும் ஆசையாகக் கூப்பிட்டிருக்கிறாள். ழ, ல என்று நாமே தடுமாறுகிறோம். அவளை என்ன சொல்ல.

கோப்பியும் குவேப் பலகாரமும் வந்தன. மங்களத்தை உட்கார வைத்து, இந்த மாரி வேறு, இது "உஜான்", மழை என்று விளக்கினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.  அப்புறம் மலாயில் கேட்டாள்:

"அப்படின்னா குறத்தி யாரையும் கூப்பிடவே இல்லையா, சிக்கு? அவ்வளவு நல்ல மலையாச்சே. பெருமை மட்டும் சொல்லிட்டுப் போயிடுவாளா?"

 பாட்டை எழுதியவள் நான். எனக்கே அது தோன்றியிருக்கவில்லை.

அடுத்த ஒத்திகையில் மங்களம் மழையைக் காட்டினாள். கை அத்தனை சரியாக இருந்தது. ஆனால் முகம் அணைந்துவிட்டது. அந்த வரி வரும்போதெல்லாம் பரீட்சை எழுதுகிறவள் மாதிரி விரலையே பார்த்தாள். நடன அம்மாள் என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "கை வந்துடுத்து. பொண்ணு போயிட்டா."

உடையோடு நடந்த கடைசி ஒத்திகைக்கு ஜவுளிக்கடை ஐயா வந்தார். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் அவர் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் உடைக்கெல்லாம் துணி அவர் கொடுத்தது, பாடுகிறவர்களை ஏற்பாடு செய்தது அவர். விழாவில் தமிழ் நிகழ்ச்சிக்கு அவர்தான் தலைவர். அன்று அந்த வரி முதலில் வந்தபோது மங்களம் மழை காட்டினாள். இரண்டாவது தடவை அந்த வரி வந்தபோது கை தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. கூப்பிட்டாள். முகத்தில் விளக்கு எரிந்தது. ஐயா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது? பாட்டுல மாரின்னு வருது, புள்ள யாரையோ வா வான்னு கூப்புடுது?"

நான் விவரத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் இறுகியது.

"தமிழ் தெரியாத புள்ளைய குறத்தியா போட்டிருக்கீங்க. போவட்டும்னு இருந்தேன். இப்ப கையே மலாய் பேசுது. இது வெளயாட்டில்ல டீச்சர். இந்த ஊருல நம்ம தமிழ எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கப்போறது இதான் மொத தடவ. புது நாட்டுல நமக்கு என்ன எடம்னு அன்னிக்குத்தான் பாப்பாங்க. நாமளே தப்பா காட்டினா? கைய மாத்துங்க, இல்ல ஆள மாத்துங்க."

அவர் கெட்டவர் இல்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள்: உங்களை நெருக்குகிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். அவர் பயம் நிஜமான பயம். எனக்கும் அதே பயம் இருந்தது. வேலையில் இன்னும் நிரந்தரமாகாத டீச்சர் நான். அவர் ஒரு வார்த்தை தலைமையாசிரியையிடம் சொன்னால் அதோடு சரி. தோழியாக ஆடுகிற பெண்களில் ஒருத்தி குறத்தியின் பகுதியை முழுக்க அறிவாள். சுத்தமான தமிழும் பேசுவாள். மாற்றுவது சுலபம்.

மங்களத்துக்கு நாங்கள் பேசியது புரியவில்லை. ஆனால் குரல் எந்த மொழியில் இருந்தாலும் பிள்ளைகளுக்குப் புரியும். மேடை ஓரத்தில் நின்று தலையில் குத்தியிருந்த பூவை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகவே போகத் தயாராகிவிட்டாள். அதைப் பார்த்துவிட்டேன். உங்களிடம் மறைப்பானேன், அழுகை வந்தது.

அழுதால் காரியம் நடக்காது என்பதால் வாயைத் திறந்தேன்.

"ஐயா, அந்த வரிய எத்தன தடவ பாடுறோம்?"

"மூணு தடவ."

"மூணு தடவையும் ஒரே கைதான் காட்டணுமா?"

அவர் நடன அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாளும் எழுந்து வந்தார். "ஒரு வரிக்கு ஒரே கைன்னா அப்புறம் எதுக்கு மூணு தடவை பாடறது? மழை பெய்யறதைக் காட்டலாம், மலை குளுந்து கிடக்கறதைக் காட்டலாம், அப்பேர்ப்பட்ட மலைக்கு வாங்கோன்னு கூப்பிடலாம். எங்க ஊர்ல அப்படித்தான் ஆடுவா."

"மொத ரெண்டு தடவையும் மழைதான் ஐயா. ஒரு தப்பும் வராது. மூணாவது தடவ அவ கூப்புடட்டும். மலைய பத்தி இவ்ளோ பெருமை பேசிட்டு கூப்புடாம போனா அது என்ன மரியாத?" என்றேன். கடைசி வாக்கியம் மங்களத்துடையது. திருடியதுதான்.

ஐயா மேடை ஓரத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தார். "மொத ரெண்டும் மழ," என்றார் கடைசியில். "மேடையில மாறிச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்." சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மங்களத்திடம் போய், எடுத்த பூவையெல்லாம் மறுபடி குத்திவிட்டேன்.

விழா நாள் பிற்பகல். பள்ளி மண்டபத்துக்குத் தகரக் கூரை, இரண்டு பக்கமும் அகலமான கதவுகள். முன்வரிசையில் பெரியவர்கள், நடுவில் ஐயா. மலாய்ப் பிள்ளைகளின் விளக்கு, சீனப் பிள்ளைகளின் விசிறி எல்லாம் கைதட்டலோடு முடிந்தன. எங்கள் முறை. திரைக்கயிற்றோடு நான் மேடை ஓரத்தில் நின்றேன். அங்கிருந்து பக்கக் கதவு வழியே வெளியே தெரிந்தது. அங்சானா மரத்தடியில் கெபாயா அணிந்த பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். நடுவில் மங்களத்தின் அம்மா.

ஏன் வெளியே நிற்கிறார்கள்? பிற்பாடுதான் தெரிந்தது. வாசலில் இருந்த தொண்டர்கள் தமிழில் ஏதோ கேட்க, இவர்கள் மலாயில் பதில் சொல்ல, "மலாய் ஆட்டம் முடிஞ்சிருச்சு, இது தமிழ் நாடகம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. உதவி செய்வதாகவே நினைத்திருப்பார்கள். எனக்கு அப்போது அது தெரியாது, கயிற்றை விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

குறத்தி மேடைக்கு வரவும் வானம் இருண்டது. அடுத்து மலாக்கா மழை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது பெய்வதில்லை, கொட்டும். தகரத்தின் மேல் விழுந்த முதல் வீச்சிலேயே பாட்டு போய்விட்டது. பாடுகிறவர்களின் வாய் அசைகிறது, ஆர்மோனியத்தின் மேல் விரல் ஓடுகிறது, ஒரு சத்தமும் வரவில்லை. தோழிப் பெண்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். பாட்டைக் கேட்டு, பொருளைப் பிடித்து ஆடுகிறவர்கள் அவர்கள். கேட்காவிட்டால் எதைப் பிடிப்பது?

முன்வரிசையில் ஐயா கையை ஆட்டினார். இழு, திரையை இழு.

கயிறு என் கையில் இறுகியது. இழுப்பதுதான் நியாயம். மழை விட்டதும் மறுபடி ஆரம்பிக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இழுப்பதற்கு முன்னால் ஒருமுறை மேடையைப் பார்த்தேன். நீங்களும் அதை மட்டும் செய்யுங்கள், போதும். முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே இழுத்துவிடாதீர்கள்.

மங்களம் நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் நடன அம்மாள் தாளத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையை மட்டும் பார்த்து அவள் ஆடிக்கொண்டிருந்தாள். முதல் வரி வந்தது. இரண்டு கையும் உயர்ந்தன, விரல்கள் படபடக்க இறங்கின. மண்டபம் முழுவதும் கூரையை அண்ணாந்து பார்த்தது. பிறகு ஒரே சிரிப்பு, கைதட்டல். தமிழ் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் அது மழை என்று புரிந்துவிட்டது. நான் கயிற்றைத் தளர்த்தினேன். துணிச்சல் என்று சொல்லாதீர்கள். பயந்துகொண்டேதான் தளர்த்தினேன். ஐயாவின் கை இன்னும் பாதியில் நின்றது.

இரண்டாவது தடவையும் மழை. இந்த முறை அவள் கூரையை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், மழையைச் செல்லம் கொஞ்சுகிற மாதிரி.

மூன்றாவது தடவை அவள் சபையைப் பார்க்கவில்லை. பக்கக் கதவைப் பார்த்தாள். அங்கே மரத்தடியில் அவள் அம்மாவும் மற்றப் பெண்களும் தோள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார்கள். மங்களம் கையை நீட்டினாள். உள்ளங்கை தரையைப் பார்த்தது. நாலு விரலும் தன் பக்கம் மடங்கின. மாரி.

பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பெண்களுக்குக் கேட்டுவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சாரோங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றைத் தாண்டி, கதவு வழியே வந்தார்கள். உள்ளே வந்தும் உட்காரவில்லை. சொட்டச் சொட்டச் சுவரோரம் நின்றார்கள். வாசல் தொண்டர்கள் அவர்களைப் பார்த்தார்கள், பிறகு ஐயாவைப் பார்த்தார்கள்.

ஐயா எழுந்தார். இனி என்ன ஆகப்போகிறதோ என்று என் கை மறுபடி கயிற்றுக்குப் போனது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். கையை நீட்டினார். உள்ளங்கை தரையைப் பார்த்தது. நாலு விரலும் மடங்கின. ஜாலான் பெண்டஹாராவில் கடை வாசலில் நின்று நாளெல்லாம் அவர் சொல்கிற வார்த்தைதானே அது! மழையில் குரல் எனக்குக் கேட்கவில்லை. வாயசைவு நன்றாகத் தெரிந்தது.

"மாரி, மாரி. டுடோக் சினி."

வாங்க, இப்படி வந்து உட்காருங்க. முன்வரிசையை நெருக்கி உட்காரச் சொன்னார். தன் நாற்காலியை மங்களத்தின் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, கடைசிவரை சுவரோரம் நின்றே பார்த்தார். மழை ஓய்ந்து பாட்டு மீண்டும் கேட்க ஆரம்பித்தபோது குறத்தி கதாநாயகியின் கையைப் பிடித்து நல்ல காலம் வருகிறது என்று குறி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையைப் பற்றி ஐயா அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சில விஷயங்களில் ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் நம் வேலையில் சேர்த்திதான்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது மங்களத்தின் அம்மாவைத் தேடிப் போனேன். ஈரக் கெபாயாவோடு மகளின் சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெளியில் நின்றதைப் பார்த்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போனது எனக்கு உறுத்தியது. "ஏம்மா மழையில நின்னீங்க? முதல்லயே உள்ள வந்திருக்கலாமே" என்று மலாயில் கேட்டேன்.

அவர் தலை நிமிராமல், சலங்கையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"பெலும் பங்கில், சிக்கு. சுடா பங்கில், டாதாங்லா."

அதுவரை யாரும் கூப்பிடலை, டீச்சர். கூப்பிட்டாங்க, வந்தோம்.